தாடிக்காரி பாபாவைப் பின்தொடர்ந்து ஓர் ஓப்பராவுக்குள் நுழைவது எப்படி?

பாட்டாலேயே கதை சொல்லும் மேற்கத்திய இசை நாடகமான ஓப்பரா பழக்கமில்லாதவர்கள் ஆர்வத்தோடு முதல் நிமிடத்திலிருந்து வரிசையாகக் கேட்க ஆரம்பிப்பார்கள். இருபதாவது நிமிடத்தில் கொட்டாவி வரும், நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தியவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: நாயகனையும் நாயகியையும் விட்டுவிட்டு ஒரு துணைப் பாத்திரத்தின் பின்னால் போங்கள். அதுவும் நல்ல வாயாடியாக, ஆடம்பரக்காரியாக, மேடைக்கு வந்தாலே எல்லாரையும் திரும்பிப் பார்க்கவைப்பவளாக இருந்தால் இன்னும் வசதி.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகப் பொருத்தமானவள் பாபா த டர்க். இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி இசையமைத்த 'தி ரேக்ஸ் ப்ராக்ரஸ்' என்ற ஓப்பராவில் வருகிறாள். ஐரோப்பிய அரசவைகள் வரை புகழ் பெற்ற தாடிக்காரி, சந்தைகளில் கூட்டம் முண்டியடித்துப் பார்க்கும் நட்சத்திரம். ஒன்பது காட்சிகளில் அவள் வருவது மூன்றில்தான், கடைசியில் முடிவுரையில் ஒரு தடவை தலைகாட்டுவாள். அந்த மூன்றையும் சேர்த்தால் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும்.

கதையை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

ஓப்பராவில் முடிவு தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்ற கவலையே வேண்டாம். கதை தெரியாமல் கேட்பதுதான் கஷ்டம்.

டாம் ரேக்வெல் உழைக்க விரும்பாத இளைஞன். கிராமத்துப் பெண் ஆன் ட்ரூலவ் அவனை உயிராகக் காதலிக்கிறாள். கையில் பணம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று அவன் வாய்விட்டுச் சொன்ன அடுத்த நொடி, நிக் ஷேடோ என்பவன் வாசலில் நிற்கிறான். யாரோ ஒரு மாமா இறந்துபோய்ச் சொத்து வந்திருக்கிறது, லண்டனுக்குப் போகலாம், ஒரு வருஷமும் ஒரு நாளும் கழித்து என் கூலியைக் கொடுத்தால் போதும் என்கிறான். அவன் சாத்தான் என்பது நமக்கு உடனே புரிந்துவிடும், டாமுக்குத்தான் புரியாது. லண்டனில் டாம் கெட்டுச் சீரழிந்து, கல்லை ரொட்டியாக்கும் ஒரு போலி இயந்திரத்தை நம்பிச் சொத்தை இழக்கிறான். கடைசியில் இடுகாட்டில் சீட்டு விளையாடித் தன் உயிரை மீட்கிறான், ஆனால் நிக் போகிற போக்கில் அவன் புத்தியைப் பறித்துவிடுகிறான். பெட்லம் மனநோய் விடுதியில் கதை முடிகிறது.

இதில் பாபா எங்கே வருகிறாள்? லண்டன் வாழ்க்கை சலித்து, சந்தோஷம் வேண்டுமென்று டாம் ஏங்கும்போது நிக் ஒரு விளம்பரத் தாளை நீட்டுகிறான். செயின்ட் ஜைல்ஸ் சந்தையில் காட்சிக்கு வந்திருக்கும் பாபாவின் படம் அதில் இருக்கிறது. இவளைக் கல்யாணம் செய்துகொள் என்கிறான். காரணமும் சொல்கிறான்: மனிதர்கள் ஆசைக்கு அடிமை, அல்லது கடமைக்கு அடிமை. இவள் மேல் உனக்கு ஆசையும் கிடையாது, கடமையும் கிடையாது. ஆகவே இவளை மணந்தால் நீ சுதந்திரமானவன்! கேட்க ஏதோ தத்துவம் மாதிரி இருக்கும். டாம் சிரித்துக்கொண்டே சம்மதிக்கிறான். அந்தப் பெண்ணுக்கு இதைப் பற்றி ஏதாவது கருத்து இருக்குமோ என்று இரண்டு பேருமே யோசிப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அப்புறம், ஐந்து நிமிடம் ஓவியங்கள்

இந்த ஓப்பரா வில்லியம் ஹோகார்த் வரைந்த எட்டு ஓவியங்களிலிருந்து பிறந்தது. அவற்றை அச்சுப் படங்களாக அவர் வெளியிட்டது 1735இல். மூல ஓவியங்கள் லண்டனில் சர் ஜான் ஸோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் எளிதாகக் கிடைக்கும். ஸ்ட்ராவின்ஸ்கி 1947இல் சிகாகோவில் ஒரு கண்காட்சியில் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் ஓப்பராவைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார். அதே ஆண்டு நவம்பரில் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் அவருடைய ஹாலிவுட் வீட்டில் தங்க, இருவரும் உட்கார்ந்து கதையை வகுத்தார்கள். பிறகு ஆடன் தன் துணைவர் செஸ்டர் கால்மனையும் சேர்த்துக்கொண்டு பாடல்களை எழுதினார்.

எட்டையும் பார்க்க நேரமில்லை என்றால் ஐந்தாவதை மட்டும் பாருங்கள். அதில் ஊதாரி இளைஞன் பணத்துக்காக ஒற்றைக்கண் கிழவி ஒருத்தியை மணக்கிறான். அந்த இடத்தில்தான் பாபா வந்து உட்கார்ந்தாள். முதல் வரைவில் அவலட்சணமான சீமாட்டி ஒருத்தி என்றுதான் இருந்தது. அதைத் தாடிக்காரியாக மாற்றியது வெறும் வேடிக்கைக்கான மாற்றமில்லை. ஹோகார்த்தின் கிழவியிடம் இருந்தது பணம். பாபாவிடம் இருப்பது தொழிலும் புகழும். பணத்துக்காக ஒருத்தியை மணப்பவனை நமக்கு ஏற்கெனவே தெரியும். தன் காலில் நிற்கும் ஒரு கலைஞரைக் காரணமே இல்லாமல் மணந்து வீட்டில் உட்காரவைப்பவன் புதிய வகை முட்டாள்.

தாடிக்காரிகளைக் காசு வாங்கிக் காட்டுவது நிஜமாகவே நடந்ததுதான். ஜெர்மனியில் பிறந்த பார்பரா உர்ஸ்லரின் என்ற பெண்ணை 1657இல் லண்டனில் பார்த்ததாக ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பெண் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) நன்றாக வாசிப்பார் என்றும் குறிப்பிட்டிருக்கிறார். இந்த ஓப்பராவின் சிறிய இசைக்குழுவிலும் ஹார்ப்சிகார்டுக்கு முக்கியமான இடம் உண்டு. தற்செயலாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

முதலில் கேட்க வேண்டியது: பல்லக்கு

இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. ஆங்கில வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வீடியோ என்றால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். ஸ்ட்ராவின்ஸ்கி ஆங்கிலச் சொற்களின் அழுத்தத்தை வேண்டுமென்றே இடம் மாற்றிப் போடுவார், காதால் மட்டும் பிடிக்க முடியாது.

ஆன் தன் காதலனைத் தேடி லண்டனில் அவன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறாள். அந்தி நேரம். வேலையாட்கள் விசித்திரமான வடிவங்களில் மூட்டைகளைச் சுமந்துகொண்டு வரிசையாக உள்ளே போகிறார்கள். பின்னாலேயே ஒரு பல்லக்கு. டாம் அதிலிருந்து இறங்கி ஆனைப் பார்த்துப் பதறி, ஊருக்குத் திரும்பிப் போய்விடு என்று கெஞ்சுகிறான். அப்போது பல்லக்குத் திரையை விலக்கிக்கொண்டு முக்காடு போட்ட ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. நான் இப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது என்று கேட்கிறது. ஆன் விசாரிக்க, டாம் அது தன் மனைவி என்று ஒப்புக்கொள்கிறான்.

இங்கே வரும் மூவர் பாட்டைக் குறைந்தது மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை ஆனும் டாமும் பாடுவதை மட்டும்: இழந்துபோன காதலைப் பற்றிய நீண்ட, துயரமான இழைகள். இரண்டாம் தடவை பாபாவை மட்டும்: எதற்கு இவ்வளவு தாமதம், யார் இந்தப் பெண், என்னை ஏன் காக்கவைக்கிறான் என்று படபடவெனக் கொட்டித் தீர்க்கிறாள். மூன்றாம் தடவை எல்லாவற்றையும் சேர்த்து. ஒரே நேரத்தில் ஒரு காதல் செத்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஒருத்தி கால் மரத்துப்போய் எரிச்சலில் இருக்கிறாள். இரண்டுமே உண்மை. பேச்சு நாடகத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கூச்சல்தான் மிஞ்சும். ஓப்பராவால்தான் இதைச் செய்ய முடியும், அதனால்தான் புதியவர்களுக்கு இந்த இடத்தை முதலில் காட்டுகிறேன்.

ஆன் போய்விடுகிறாள். பாபா பல்லக்கிலிருந்து இறங்குகிறாள். இசை நிதானமாக, ராஜ நடை போடும். கூட்டம் ஓடி வந்து பாபா வந்துவிட்டாள் என்று ஆர்ப்பரிக்கிறது. வாசற்படியில் திரும்பி நின்று முக்காட்டை எடுக்கிறாள்: அடர்ந்து தொங்கும் கருந்தாடி.

இந்த இடத்தில் கூட்டம் அவளைக் கேலி செய்யவில்லை, கொண்டாடுகிறது. அவளும் கூசவில்லை, பழகிய கலைஞருக்குரிய மிடுக்கோடு அந்தக் கொண்டாட்டத்தை ஏற்றுக்கொள்கிறாள். சிரிப்பு அவளைப் பார்த்து வருகிறதா, டாமைப் பார்த்து வருகிறதா என்று கவனியுங்கள். நல்ல இயக்குநர்கள் இந்தக் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுவார்கள். சுமாரானவர்கள் தாடியை மட்டும் காட்டிச் சிரிப்பு வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

பிறகு காலை உணவு மேசை

அடுத்த காட்சி. இதுதான் பாபாவின் கோட்டை. அறை முழுக்க அவள் சேர்த்த பொருள்கள்: பஞ்சடைத்த பறவைகள், விலங்குகள், கனிமங்கள், பீங்கான், கண்ணாடிச் சாமான்கள். டாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பாபா பேசுகிறாள். பேசிக்கொண்டே இருக்கிறாள்.

என்ன பேசுகிறாள் என்பதைக் கட்டாயம் வரிகளோடு பின்தொடருங்கள். மீசை வைத்த இரண்டு சகோதரர்கள் கொடுத்த இசைக் கண்ணாடிகள். அது வியன்னாவிலா மிலானிலா என்ற குழப்பம். மிலானாகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கேதான் கழுதைகள். ஜோர்டான் நதித் தண்ணீர் ஒரு பாட்டில். ரோமில் தன்மேல் மையல் கொண்ட ஒரு கார்டினல், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் குரு. மம்மிகளை வேலைக்காரி தொடக் கூடாது, நானே தூசி தட்டிக்கொள்கிறேன் என்ற உத்தரவு. கிரேட் ஆக் பறவைக்குள் பூச்சி புகுந்துவிடுமே என்ற கவலை. (அந்தப் பறவை இனமே 1844 வாக்கில் அழிந்துபோனது. கதை நடக்கும் காலத்தில் அது வட அட்லாண்டிக்கில் உயிரோடுதான் இருந்தது.) நடு நடுவே, நீங்கள் சாப்பிடவே இல்லையே என்று கணவனுக்கு ஓர் உபசாரம்.

இந்த வாயாடித்தனம் கேட்க ஒழுங்கில்லாதது போலத் தோன்றும், ஆனால் வரிகள் எதுகையோடு இறுக்கமாகக் கட்டப்பட்டவை. ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டு போகும் இசையின் மேல் அவள் மூச்சு விட இடமில்லாமல் ஓடுகிறாள். பாடுபவர் தடுமாறினால் நகைச்சுவை செத்துவிடும். மெஸ்ஸோ-சொப்ரானோ என்ற நடுத்தரப் பெண் குரலின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும்.

அப்புறம் அவள் நிறுத்துகிறாள். ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்று அவனிடம் போகிறாள். கொஞ்சலாக ஒரு சின்னப் பாட்டு. அவன் உட்கார் என்று எரிந்து விழுகிறான். அவ்வளவுதான், வெடிக்கிறாள். அழுகை, ஆத்திரம், கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து உடைக்கிறாள். வாசலில் பார்த்த அந்தப் பெண்ணைத்தானே காதலிக்கிறாய் என்கிறாள். அந்த வீட்டில் உண்மையைக் கண்டுபிடித்த முதல் ஆள் அவள்தான். அவள் குரல் உச்சத்தில் சுழன்று ஏறும்போது டாம் ஒரு டோப்பாவை எடுத்து, முன்பக்கம் பின்னாக அவள் முகத்தின் மேல் கவிழ்த்துவிடுகிறான். பாட்டு பாதியில் அறுபடுகிறது. போனில் பாஸ் பட்டனை அமுக்கியது போல உறைந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

அரங்கில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் காட்சி அங்கே முடியவில்லை. டாம் தூங்கி எழுந்து, நிக் கொண்டுவரும் ரொட்டி இயந்திரத்தில் மயங்கி, புதுத் தொழில் திட்டம் போட்டு வெளியே கிளம்பும் வரை அவள் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். சிரித்து முடித்த பிறகும் அந்த டோப்பா கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். வீடியோவில் கேமரா அவளைக் காட்டாமல் விட்டாலும் அவள் அங்கே இருக்கிறாள் என்பதை மறக்காதீர்கள்.

ஏலம்

மூன்றாம் அங்கம், முதல் காட்சி. டாம் திவாலாகிவிட்டான். அதே அறை, எல்லாவற்றின் மேலும் தூசியும் ஒட்டடையும். டோப்பா கவிழ்த்த பாபாவும் அங்கேயேதான் இருக்கிறாள், அவள் மேலும் தூசி. செல்லெம் என்ற ஏலக்காரர் வந்து பொருள்களை ஒவ்வொன்றாகக் கூவி விற்கிறார். இவரும் ரசிக்க வேண்டிய ஆள்தான், துள்ளல் நடையில், டெனர் என்ற உயர்ந்த ஆண் குரலில் கூட்டத்தையே மயக்குகிறார். கடைசியில் மிச்சம் இருப்பது என்னவென்றே தெரியாத ஓர் உருவம். கேக்கா, ஆர்கனா, குறிசொல்லும் தெய்வமா, ஆக்டோபஸா என்று ஆசை காட்டி விலையை ஏற்றுகிறார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! டோப்பாவை உருவுகிறார்.

பாபா விட்ட இடத்திலிருந்து பாடுகிறாள். முந்தைய அங்கத்தில் அறுபட்ட அதே வரியின் மிச்சம். நடுவில் எவ்வளவு காலம் போனதோ, ஓர் இடைவேளைகூடப் போயிருக்கலாம், அவளுக்கு ஒரு நொடிகூடப் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டு ஓப்பராவில் இதைவிடச் சுத்தமான இசை நகைச்சுவை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் முந்தைய காட்சியைக் கேட்காமல் நேராக இங்கே வந்தால் இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் வரிசை மாற்றாமல் கேளுங்கள் என்கிறேன்.

இதற்குப் பிறகு வருவதைப் புதியவர்கள் தவறவிடுவது வழக்கம், சிரித்துக்கொண்டே இருப்பார்கள். என் பொருள்களைத் தொடாதே என்று கூட்டத்தை விரட்டும் பாபா, டாமைத் தேடி ஆன் உள்ளே வந்ததும் மாறிவிடுகிறாள். குரல் அமைதியாகிறது. நேற்று வரை போட்டியாளராக இருக்க வேண்டியவளிடம், அவன் இன்னும் உன்னைத்தான் காதலிக்கிறான், போய்க் காப்பாற்று என்கிறாள். டாமைப் பற்றி அவள் சொல்லும் மதிப்பீடு கச்சிதமானது: நிலையில்லாத பையன், முழு யோக்கியனும் இல்லை, முழுக்கக் கெட்டுப்போனவனும் இல்லை. நிக் யார் என்பதையும் அவள் சரியாக எச்சரிக்கிறாள். உங்கள் கதி என்ன என்று ஆன் கேட்டால், திறமை இருப்பவளுக்கு என்ன பயம், நான் மேடைக்கே திரும்பிப் போகிறேன் என்கிறாள்.

என் கணிப்பில் இந்த ஓப்பராவில் தான் யார் என்று தெளிவாகத் தெரிந்தவள் பாபா ஒருத்திதான். டாம் ஒவ்வொரு காட்சியிலும் வேறு ஆளாக விரும்புகிறான். ஆன் அவனுக்காகவே வாழ்கிறாள். பாபாவுக்குத் தாடியும் தொழில், மிடுக்கும் தொழில், கல்யாணம் நடுவில் வந்த ஓர் இடைவேளை. வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம், அடுத்த தடவை என்னைப் பார்க்க வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஏலக்காரரையே ஏவி வண்டியை வரவழைத்துக் கிளம்புகிறாள். இந்த வெளியேற்றம் முடிந்ததும் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள்.

எந்தப் பதிவு?

ஒலி மட்டும் போதும் என்றால் 1964இல் ஸ்ட்ராவின்ஸ்கியே இசைக்குழுவை நடத்திய பதிவு. அதில் பாபா ரெஜினா சர்ஃபாட்டி. இசையமைப்பாளருக்கு எவ்வளவு வறண்ட, துல்லியமான தாளம் வேண்டியிருந்தது என்பது அதில் தெரியும். ஜான் எலியட் கார்டினர் நடத்திய பதிவில் ஆன் சோஃபி வான் ஆட்டர் பாபாவாகப் பாடுகிறார். சொற்கள் தெளிவு, நகைச்சுவை நுணுக்கம். புதியவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் பாபாவைப் பார்க்கவும் வேண்டும். இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் விழாவுக்காக 1975இல் ஜான் காக்ஸ் இயக்கிய மேடையாக்கம் இன்றும் பேசப்படுகிறது. காரணம் ஓவியர் டேவிட் ஹாக்னி வடிவமைத்த அரங்கமும் உடைகளும். ஹோகார்த்தின் அச்சுப் படங்களில் உள்ள குறுக்குக் கோடுகளையே சுவர், திரை, மேசை, துணி எல்லாவற்றிலும் இழுத்திருக்கிறார். பாபாவின் பொருள்கள் நிறைந்த அறை அந்தக் கோடுகளில் பார்க்கத் தனி அழகு. இதன் ஒளிப்பதிவில் ரோசலிண்ட் எலியாஸ் பாபா.

சில புதிய மேடையாக்கங்களில் பாபாவைக் கவுண்டர்-டெனர், அதாவது பெண் குரல் உயரத்தில் பாடும் ஆண் பாடகர், பாடுகிறார். 2017இல் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் விழாவில் ஆண்ட்ரூ வாட்ஸ் பாடினார். திறமையான பாடகர், ரசிக்கலாம். ஆனால் முதல் தடவை பெண் குரலிலேயே கேளுங்கள். ஆண் பாடினால் தாடி இயல்பாகிவிடுகிறது, வேடிக்கை உடைக்குப் போய்விடுகிறது. பெண் பாடும்போது தாடியும் குரலும் இடிக்கும் அந்த முரண்தான் பாத்திரத்தின் உயிர்.

இனி முழுவதும்

முழு ஓப்பரா இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். பாபாவைத் தெரிந்துவிட்டதால் இப்போது பயமில்லை. முதல் அங்கம் தொடங்கி ஒரே மூச்சில் பாருங்கள். மொஸார்ட் கேட்டவர்களுக்கு அந்தச் சாயல் உடனே பிடிபடும். எழுதத் தொடங்கும் முன் ஸ்ட்ராவின்ஸ்கி மொஸார்ட்டின் ஓப்பராக்களை வரவழைத்துப் படித்தார். இடுகாட்டுச் சீட்டாட்டத்தில் ஹார்ப்சிகார்ட் தனியாக ஒலிக்கும்போது அறை விளக்கை அணைத்துவிட்டால் நல்லது.

பெட்லம் முடிந்து திரை விழுந்ததும் எழுந்துவிடாதீர்கள். முடிவுரையில் ஐந்து பேரும் முன்னால் வந்து பாடுவார்கள், ஆண்கள் டோப்பா இல்லாமல், பாபா தாடி இல்லாமல். ஆண்கள் எல்லாரும் பைத்தியங்கள், அவர்கள் சொல்வதும் செய்வதும் நாடகம் என்பது பெண்களுக்கு அவள் தரும் எச்சரிக்கை.

1951 செப்டம்பர் 11 அன்று வெனிஸின் லா ஃபெனீச்சே அரங்கில் ஸ்ட்ராவின்ஸ்கியே நடத்திய முதல் நிகழ்ச்சியில் இதைப் பாடியவர் ஜென்னி டூரெல்.

பாபா பிடித்துப்போனால் அடுத்து யாரைத் தேடலாம்? ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'அரியாட்னே ஆஃப் நக்ஸோஸ்' ஓப்பராவில் ஸெர்பினெட்டா. துயர நாடகத்துக்குள் புகுந்து குட்டை குழப்பும் கோமாளிக் குழுவின் தலைவி. அடுத்து, 1991இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் அரங்கேறிய ஜான் கொரிலியானோவின் 'தி கோஸ்ட்ஸ் ஆஃப் வெர்சாய்' ஓப்பராவில் சமீரா. அங்கே மெர்லின் ஹார்ன் பாடியது. கொஞ்சம் துணிச்சல் வந்த பிறகு லிகெட்டியின் 'லெ கிராண்ட் மகாப்ர்' ஓப்பராவில் ரகசியப் போலீஸ் தலைவன் கெபோபோ. அதை மட்டும் ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வைத்து ஆரம்பியுங்கள்.